கட்டு மாற்றும் நாட்கள்

எண்பதுகளின் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை, என் கையிலிருந்த பானையிலிருந்து கொதிக்கும் கஞ்சி என் மகள் மேல் கொட்டியது. அவளுக்கு அப்போது நாலரை வயது. நான் துணியால் தட்டை அழுத்திப் பிடித்துப் பானையைச் சாய்த்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னாலிருந்து வந்து, ரிப்பன் கட்டிவிடச் சொல்லி என் புடவையை இழுத்தாள். தட்டு நழுவியது. வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும், அக்குளையும் சேர்த்து, வெந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து ஒரு பாட்டில் நீல மையை அப்படியே அவள் கையில் ஊற்றினார். அப்போதெல்லாம் சுட்டுக்கொண்டால் அதுதான் வைத்தியம். என் கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார். ஈர வேட்டியில் அவளைச் சுற்றித் தூக்கிக்கொண்டு, குரோம்பேட்டை சந்துகளைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோவில் தாம்பரம் போகும்வரை அவள் அழவில்லை. நடுங்கிக்கொண்டே இருந்தாள்.

அது பத்துப் படுக்கை உள்ள சின்ன நர்சிங் ஹோம். டாக்டர் அறுபதைத் தொட்டவர், அளந்துதான் பேசுவார். மையைக் கழுவிப் பார்த்துவிட்டு, "ஆழமா போகல. ஆனா அக்குள் இருக்கு பாருங்க, அதுதான் தொந்தரவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும். எத்தனை வாரம்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பிறகு வீட்டிலிருந்து வந்துபோகச் சொன்னார்கள்.

முதல் கட்டு மாற்றும்போது என்னை வெளியே நிறுத்தினார்கள். "அம்மாவைப் பாத்தா குழந்தை இன்னும் அழும். நீங்களும் மயக்கம் போட்டு விழுவீங்க. அப்புறம் நாங்க ரெண்டு பேரைப் பாக்கணும்" என்றார் சிஸ்டர். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கெட்டவர் இல்லை. ஒரே ஆளாக ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, கட்டு கட்டி, வாசலில் காத்திருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினார். நான் பச்சைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று, என் மகள் என்னைக் கூப்பிட்டதைக் கேட்டேன். "அம்மா" என்றுதான் ஆரம்பித்தாள். போகப்போக அது வார்த்தையாகவே இல்லை.

கதவு திறந்தபோது அவளைக் கழுத்துவரை ஒரு படுக்கை விரிப்பில் இறுக்கிச் சுருட்டி வைத்திருந்தார்கள். வலது கை மட்டும் வெளியே. நர்சிங் ஹோம் ஆயா அவள் கால்மேல் பாதி உடம்பைச் சாய்த்திருந்தார். ஆயா என்னைப் பார்த்து, "இன்னாமா உன் பொண்ணு இப்டி ஒதைக்குது? கொயந்தையா அது? கெட்டியா அமுக்கிப் புடிச்சாத்தாம்மா ஆவும். இல்லாங்காட்டி கத்தரி பட்டு பேஜாரா பூடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது, வெந்துபோகாத இடது மணிக்கட்டில் நாலு விரல் பதிந்து கன்றிப்போயிருந்தது. அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. சோறு ஊட்டப் போனால் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்தாள்.

அடுத்த முறை கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். "வலிக்கவே வலிக்காதுடா கண்ணு. அப்பா சாக்லேட் வாங்கித் தரேன்" என்று சொல்லி உள்ளே அனுப்பினார். அவள் வெளியே வந்து சாக்லேட்டை வாங்கிக்கொண்டு, "அப்பா பொய்" என்றாள். அவ்வளவுதான். அவர் பின்பக்கக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது, "என்னால இனிமே வர முடியாதும்மா, நீ பாத்துக்கோ" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. யாராவது ஒருவர் உள்ளே போக வேண்டும், அது நான்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. கஞ்சியைக் கொட்டியது என் கை. அழுது தீர்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை. இன்னும் எத்தனையோ கட்டுகள் இருந்தன.

நான் வீட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம். அன்று மத்தியானம் என் பழைய காட்டன் புடவை ஒன்றைக் கிழித்து, தலைவழியாகப் போட வேண்டாத ஒரு கவுன் தைத்தேன். வலது பக்கம் முழுக்கத் திறந்து, நாடாவால் முடிச்சுப் போடுவது. அதே துணியில் இடுப்பிலிருந்து கால்வரை சுற்றிக்கொள்ள ஒரு அகலமான பட்டையும் தைத்தேன். நெஞ்சை மூடாது. அழுகிற குழந்தைக்கு மூச்சு வாங்க நெஞ்சு விரிய வேண்டாமா? அந்தப் படுக்கை விரிப்பில் அது விரிவதற்கு இடமே இல்லை.

மறுமுறை சிஸ்டரிடம் சொன்னேன்: "நான் உள்ள வரேன். நானே புடிச்சுக்கிறேன்."

"அதெல்லாம் முடியாதும்மா. டாக்டர் திட்டுவார்."

"டாக்டர்கிட்ட நான் கேட்டுக்கிறேன்."

டாக்டர் ஒரு மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "மயங்கி விழமாட்டீங்களே?" என்றார்.

"விழமாட்டேன்."

"வலிக்கு சிரப் குடுத்துட்டுத்தானே கூட்டிட்டு வரீங்க?"

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு புதிதாக ஒரு சீட்டு எழுதி, "கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி குடுங்க. வலி போயிடாது. கொஞ்சம் மட்டுப்படும்" என்றார். அதற்குப் பிறகு எதையும் கேட்காமல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். துணி ஏன் புண்ணோடு ஒட்டுகிறது? உலர்ந்துபோவதால். உலராமல் உரிக்க முடியுமா? உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் தானாகவே கழன்று வரும், ஆனால் பதினைந்து நிமிஷம் ஆகும், சிஸ்டருக்கு அவ்வளவு நேரம் இல்லை. எனக்கு இருந்தது. அரை மணி முன்னதாகவே போய், பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக நானே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில நாள் அவளே விட்டாள். தன் கைமேல் தானே தண்ணீர் ஊற்றும்போது அவள் முகம் பெரியவர்கள் முகம்போல இருக்கும்.

பிடிப்பது என்பது பலம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் அவளை மடியில் வைத்து இறுக்கியபோது, அவள் தலையைப் பின்னுக்கு வீசி என் உதட்டைக் கிழித்துவிட்டாள். ரத்தத்தைப் பார்த்து அவளே பயந்துபோனாள். சிஸ்டர் பஞ்சை எடுத்து என் உதட்டில் வைத்துக்கொண்டே முதல்முறையாக எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்.

"மூட்டுல புடிக்காதீங்க. மணிக்கட்டு, முட்டி, அங்க எல்லாம் வேணாம். அதுக்கு நடுவுல உள்ளங்கையை அகலமா வைங்க. அவ முதுகு உங்க நெஞ்சுல ஒட்டியிருக்கணும். உங்க கன்னத்தை அவ கன்னத்தோட பக்கவாட்டுல வைங்க, அப்ப தலையை வீச முடியாது. இறுக்காதீங்கம்மா. அவ அசையும்போது மட்டும் நீங்க இருக்கணும். அசையாதப்ப தளர்த்திடணும்."

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். பயத்தில் நம் கை தானாக இறுகிவிடும். அவள் அமைதியானதும் தளர்த்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பழகினேன். தளர்த்தினால் ஓடிவிடுவாள் என்று தோன்றும். ஓடவில்லை. தளர்த்தியபோதுதான் அவளும் ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

அவளிடம் "வலிக்காது" என்று சொல்வதை விட்டேன். "வலிக்கும். ஆனா இருபது எண்ணற வரைக்கும்தான். இருபது சொன்னதும் சிஸ்டர் கையை எடுத்துடுவாங்க. நீ மூச்சு வாங்கிக்கலாம். அப்புறம் மறுபடி இருபது" என்றேன். எல்.கே.ஜி.யில் இருபதுவரை கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த எண்கள் அவ்வளவுதான்.

சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அவரும் தலையாட்டினார். ஆரம்பித்தோம். அவள் அழுதுகொண்டே எண்ணினாள். பதினெட்டு, பத்தொம்பது, இருபது. சிஸ்டர் கையை எடுக்கவில்லை. "இதோ ஒரு ஓரம்தான் இருக்கு, முடிச்சிடறேன்" என்று குனிந்தபடியே சொன்னார். என் மகள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை இல்லை. நானும் அப்பாவைப்போலத்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என் கையை எடுத்து சிஸ்டரின் இடுக்கிக்கும் அவள் தோளுக்கும் நடுவில் வைத்தேன்.

"இருபது ஆச்சு சிஸ்டர். கையை எடுங்க."

"என்னம்மா இது? ஒரு ஓரம்தாம்மா!"

"தெரியும். எடுங்க. அடுத்த இருபதுல அதை எடுக்கலாம்."

அவர் இடுக்கியைத் தட்டில் போட்ட சத்தம் வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். வெளியே போனார். டாக்டர் வந்தார்.

"இங்க வைத்தியம் நான் பாக்கறேனா, நீங்க பாக்கறீங்களா?"

"நீங்கதான் பாக்கறீங்க டாக்டர். ஆனா இவளை நாளன்னைக்கும் நான்தான் இங்க கூட்டிட்டு வரணும். அதுக்கு அடுத்த முறையும். இன்னைக்கு நான் சொன்ன சொல்லு பொய்யாச்சுன்னா, அப்புறம் இவளை இந்த வாசப்படி ஏத்த முடியாது. பத்து செகண்டு நிறுத்தினா போதும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணிக்கு மேல போகக் கூடாது. போச்சுன்னா பழையபடி விரிப்புதான்" என்றார். சிஸ்டரிடம், "நிறுத்தி நிறுத்தியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அரை மணியையும் தாண்டிவிட்டது. ஆயா, "நாங்க அமுக்கிப் புடிச்சிருந்தா எட்டே நிமிட்ல முடிஞ்சிருக்கும்" என்று வாசல்வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கடுத்த முறை இருபத்தைந்து நிமிஷம். அதற்குப் பிறகு இருபது. அவள் நடுவில் ஏமாற்றப் பார்த்தாள். "பன்னெண்டு, பதிமூணு, இருபது!" என்பாள். சிஸ்டர் சிரித்துவிட்டார். "பதினாலு எங்க போச்சு? ஊருக்கா?" என்று கேட்டார். அவளும் அழுகையோடு சிரித்தாள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் எங்கள் வீட்டுக்கு மேலே போகும்போதெல்லாம் எண்ணிப் பழகினாள். அது மறைவதற்குள் இருபது சொல்லிவிடுவாள்.

நாலாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கட்டிலிருந்து ஒரு வாடை. பிரித்துப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. அக்குள் மடிப்பில் சீழ் பிடித்திருந்தது. "இறந்துபோன தோலை எல்லாம் இன்னைக்கே எடுத்தாகணும். நிறுத்தி நிறுத்தி செய்ய முடியாது. மரத்துப்போக ஊசி போடறேன், ஆனா காய்ச்சல்ல முழுசா மரக்காது" என்றார். என்னைப் பார்த்து, "இன்னைக்கு நீங்க வெளிய இருக்கலாம்" என்றார். அவர் அதை இரக்கத்தோடுதான் சொன்னார்.

வெளியே இருந்தால் எளிதாக இருந்திருக்கும். பிடித்தவர்கள் வேறு யாரோ என்று ஆகியிருக்கும். அழுகிறவளைத் தேற்றுவதற்கு மட்டும் நான் உள்ளே போயிருக்கலாம். ஒரு நிமிஷம் அதை நினைத்தேன். மறைக்க மாட்டேன்.

குனிந்து அவளிடம் சொன்னேன். "இன்னைக்கு எண்ண முடியாது. புண்ணு உள்ள கெட்டுப்போச்சு. டாக்டர் நிறுத்தாம சுத்தம் பண்ணணும். நீ வேணாம்னு சொன்னாலும் நான் விடமாட்டேன். அம்மா உன்னைக் கெட்டியா புடிக்கப் போறேன். ரொம்ப வலிக்கும்."

"வேணாம்" என்றாள்.

"தெரியும்."

"வேணாம்மா. வீட்டுக்குப் போலாம்."

நான் பிடித்தேன். ஆயா கால்களைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை மேலே சாயாமல், என் துணிப் பட்டையின் மேல் உள்ளங்கைகளை வைத்து. நான் சொல்லாமலே அவர் அப்படிச் செய்ததை அந்த நேரத்திலும் கவனித்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. என் கன்னத்தில் அவள் கன்னம் கொதித்தது. கத்தினாள், என்னைத் திட்டினாள், தனக்குத் தெரிந்த மோசமான வார்த்தைகளை எல்லாம் சொன்னாள். ஒரு கட்டத்தில் என்னைக் கூப்பிடுவதை விட்டு, ஆயாவைப் பார்த்து, "ஆயா, எங்கம்மாவை விடச் சொல்லு" என்றாள். ஆயா தலையைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. டாக்டர் "போதும்" என்று சொன்ன பிறகும் என் கைகள் உடனே திறக்கவில்லை. சிஸ்டர்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது ஆயா டீ கொண்டுவந்து கொடுத்தார். "குடி. நீ வுட்டிருந்தா கொயந்தை பொயச்சிருக்காது. அத்த மட்டும் மன்ஸ்ல வெச்சிக்கோ" என்றார். என்னால் கப்பைப் பிடிக்க முடியவில்லை. அவரே பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தார்.

இரண்டு நாள் அவள் என்னிடம் வரவில்லை. அப்பா மடியில்தான் இருந்தாள். அவரிடமே சாப்பிட்டாள், அவர் பக்கத்திலேயே படுத்தாள். காய்ச்சல் இறங்கியது. நான் அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. அவளுக்கு என்மேல் கோபம் இருப்பது நியாயம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சிரப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவள் அதைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எண்ணலாமா, எண்ணக் கூடாதா?" என்று கேட்டாள்.

"டாக்டர்கிட்ட கேக்கணும். கேட்டுட்டு உன்கிட்ட உண்மையைச் சொல்றேன்."

வாயைத் திறந்து சிரப்பைக் குடித்தாள். நர்சிங் ஹோமில் டாக்டர் கட்டை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணலாம், எண்ணலாம். எவ்வளவு வேணும்னாலும் எண்ணு" என்றார். அவள் தானாகவே என் மடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கன்னத்தை என் கன்னத்துப் பக்கம் கொண்டுவந்தாள். அன்று நான் கிட்டத்தட்டப் பிடிக்கவே இல்லை.

இரண்டரை மாதம் ஆயிற்று எல்லாம் ஆறுவதற்கு. ஆனால் ஆறும்போது அக்குளில் தோல் சுருங்கிக்கொண்டு வந்தது. கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்க முடியவில்லை. "தினம் கையை நீட்டி நீட்டிப் பழக்கணும். விட்டா அப்படியே ஒட்டிக்கும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். இனிமேலும் நான்தான் வலிக்கவைக்க வேண்டுமா என்று தோன்றியது. அப்போதுதான் கணவர், "இதை நான் பாத்துக்கிறேன்" என்றார். சுவரில் ஒரு ஆணி அடித்து, அவளுடைய கண்ணாடி வளையல்களை அதில் மாட்டினார். வலது கையால் எட்டி எடுத்தால்தான் போட்டுக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை ஆணியைப் பிடுங்கி ஒரு விரல்கடை மேலே அடிப்பார். வீட்டுக்காரர் வந்து பார்த்து, "என்ன சார் செவுத்தை இப்படி சல்லடையா ஆக்கிட்டீங்க?" என்று சத்தம் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் கழித்து அவள் கை காதைத் தொட்டு நேராக மேலே நின்றது. ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில், சிஸ்டர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பல்லாவரத்திலிருந்து ஒரு பையன், ஆறு வயது, காலில் கொதிக்கும் எண்ணெய். அவன் அம்மா வராந்தாவில் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "இவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. எனக்கு நேரம் இல்ல, உங்களுக்குத் தெரியும்" என்றார் சிஸ்டர். நான் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போய், அவள் கைகளை எடுத்து, எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று காட்டினேன். அவளுக்கு உடனே வரவில்லை. ரொம்ப இறுக்கினாள். "தளர்த்துங்க, அவன் அசையல பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

என் மகளுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு நாள் கேட்டேன், அதெல்லாம் நினைவிருக்கிறதா என்று. எண்ணியதெல்லாம் சுத்தமாக நினைவில்லை என்றாள். "நீ என்னை விடவே மாட்டேன்னு புடிச்சியே, அது ஞாபகம் இருக்கு. ஆயாகிட்ட கெஞ்சினேன்." முப்பது தடவைக்கு மேல் கட்டு மாற்றினோம். அவளுக்கு நினைவிருப்பது அந்த ஒன்று. சமாளித்துப் பேச நினைத்தேன், பேசவில்லை. "ஆமா, புடிச்சேன்" என்றேன்.

"தெரியும்மா. கெட்டுப்போச்சுன்னு சொன்னியே" என்றாள்.

அந்த ஜூனில் அவளுக்குப் புது யூனிஃபார்ம் தைத்தேன். தழும்பு மறையட்டும் என்று வழக்கம்போல முழங்கைக்குக் கீழே வரும்படி கையை வெட்டியிருந்தேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டு, மற்றப் பெண்கள் போடுகிற மாதிரி அரைக் கை வேண்டும் என்றாள். "தழும்பு தெரியுமே" என்றேன். "தெரிஞ்சா என்ன? வெயில்ல வேகுது" என்றாள். மெஷினில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிரித்து, ஆறு அங்குலம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். எட்டேகால் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள்.